எலும்பும் தோலுமாக இருக்கிறாள், குண்டு என்கிறாள்!

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகள் சில மாதங்களாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. எலும்பும் தோலுமாகிவிட்டாள். கண்ணாடி முன் நிறுத்தினாலும், “தொடை எவ்வளவு பெரிசா இருக்கு பாரும்மா” என்கிறாள். பாதி திறந்த கதவில்கூட ஒருக்களித்துத்தான் நுழைகிறாள். மாமியார் இதைத் திமிர் என்கிறார். என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: திமிர் இல்லை அம்மா. குண்டாகிவிடுவோமோ என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகும் அனோரெக்சியா என்ற மனநோயாக இருக்கலாம். மாமியாரிடம் இதை முதலில் சொல்லிவிடுங்கள்.

கதவு விஷயத்தை எழுதினீர்கள் பாருங்கள், அதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. 2013இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில், அனோரெக்சியா நோயாளிகளை வெவ்வேறு அகலமுள்ள வாசல்கள் வழியாக நடக்கவிட்டு ஆராய்ந்தார்கள். மற்ற பெண்கள், வாசல் தோளைவிட 25 சதவீதம் அகலமாக இருக்கும்வரை நேராகவே நடந்தார்கள். நோயாளிகளோ 40 சதவீதம் அகலம் இருந்தும் தோளைத் திருப்பத் தொடங்கிவிட்டார்கள். வேண்டுமென்று செய்வதல்ல இது. தொடுதல், மூட்டு அசைவு, பார்வை எல்லாவற்றையும் சேர்த்து உடம்பின் அளவுக்கு மூளை ஒரு கணக்கு வைத்திருக்கிறது. உடம்பு மெலிந்தாலும் அந்தக் கணக்கு மெலிவதில்லை.

என் மேஜையில் ஒரு சணல் கயிறு இருக்கும். வருகிற பெண்ணிடம் கொடுத்து, “உன் இடுப்பு எவ்வளவு இருக்கும்? வட்டமாக வைத்துக் காட்டு” என்பேன். அதே கயிற்றை இடுப்பில் சுற்றினால் மிச்சம் தொங்கும். சிலர் அழுதுவிடுவார்கள். சிலர், சுற்றும்போது நான் இறுக்கிவிட்டேன் என்று வாதாடுவார்கள். (வீட்டில் இதைச் செய்து பார்க்காதீர்கள், சண்டையில்தான் முடியும்.)

அதனால் கண்ணாடியையும் “நீ ஒல்லிதான்டி” வாதத்தையும் விட்டுவிடுங்கள். முதலில் எடை ஏற வேண்டும். தன் உடம்பை அவள் சரியாகப் பார்ப்பது அதற்கும் பின்னால்தான் வரும், அதுவும் மெதுவாக. மாதவிடாய் நின்றிருந்தாலோ மயக்கம் வந்தாலோ நாள் கடத்தாதீர்கள். நாடித்துடிப்பு, ஈசிஜி, ரத்தத்தில் பொட்டாசியம் பார்த்துவிட்டு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அப்புறம், பாசத்தில் ஒரேயடியாக நெய்ச்சோறு ஊட்டிவிட வேண்டாம். நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறையச் சாப்பிட்டால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயம் தடுமாறக்கூடும். அளவை மருத்துவர் சொல்லட்டும். யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லையா? அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.