கரையான் அரித்த வாசல் நிலையை இப்போது கழற்றாதீர்கள்

கேள்வி: ஐயா, மதுரையில் எங்களுக்குச் சொந்த வீடு. பதினெட்டு மாதங்களுக்கு முன் 24,000 ரூபாய் கட்டி, ஐந்து ஆண்டு உத்தரவாதத்துடன் வீடு முழுவதும் கரையான் மருந்து செலுத்தினோம். சென்ற மாதம் பார்த்தால், என் தந்தையார் காலத்துத் தேக்கு வாசல் நிலையும் பூஜையறை அலமாரியும் அரிக்கப்பட்டிருக்கின்றன. புகார் செய்ததற்கு மேற்பார்வையாளர் என் மனைவியிடம் மரியாதையின்றிப் பேசினார். இலவசமாக மீண்டும் மருந்து அடிப்பார்களாம். மரத்துக்குப் பொறுப்பேற்க மாட்டார்களாம். அவர்கள் மீது நம்பிக்கை போய்விட்டதால் வேறு நிறுவனத்தை அழைத்திருக்கிறேன். தை மாதம் மகளுக்குத் திருமணம் என்பதால் வெள்ளிக்கிழமை தச்சர் வந்து நிலையைக் கழற்றுகிறார். 4 லட்சம் ரூபாய் இழப்பீடு கேட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

பதில்: வெள்ளிக்கிழமை வர வேண்டாம் என்று தச்சரிடமும், அழைத்திருக்கும் புதிய நிறுவனத்திடமும் முதலில் சொல்லிவிடுங்கள்.

மேற்பார்வையாளரின் பேச்சும், நிலை யார் காலத்தது என்பதும் உங்கள் வழக்கில் ஒரு ரூபாயைக்கூடக் கூட்டப் போவதில்லை. மருந்து செலுத்திய பிறகும் கரையான் வந்தது என்பதாலேயே சேவைக் குறைபாடு நிரூபணமாகிவிடாது. புதிதாகப் பதித்த குழாய் வழியாகவோ, பிறகு சுவரை ஒட்டிச் செய்த அலமாரி வழியாகவோ வந்திருக்கலாம் என்று எதிர்த்தரப்பு சொல்லும், அது நடக்கக்கூடியதும்தான். நீங்கள் காட்ட வேண்டியது ஒன்றே: செய்வதாகச் சொன்ன வேலையை அவர்கள் முறைப்படி செய்யவில்லை என்பது.

அதற்கான சான்று, மருந்து செலுத்துவதற்காகத் தரையிலும் நிலையிலும் போட்ட துளைகளில் இருக்கிறது. கட்டி முடித்த வீடுகளுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 6313, மூன்றாம் பகுதி. இந்த வேலையில் வழக்கமான அளவு, சுவரும் தரையும் சேரும் இடத்தில் 30 செ.மீ. இடைவெளியில் 12 மி.மீ. துளையிட்டு, துளைக்கு ஒரு லிட்டர் வீதம் மருந்துக் கரைசலைச் செலுத்தி அடைப்பது. மரம் சுவரைத் தொடும் இடங்களில் 15 செ.மீ. இடைவெளியில் சிறிய துளைகள். உங்கள் வீட்டில் துளைகள் 60 செ.மீ. தள்ளித் தள்ளி இருந்தாலோ, வாசல் நிலையில் துளையே இல்லாவிட்டாலோ, அரித்த மரத்தைவிட அதுவே ஆணையத்தில் பேசும்.

என்னிடம் வருபவர்களில் பலர் இந்தச் சான்றைத் தாங்களே அழித்துவிட்டு வருகிறார்கள். தச்சர் நிலையைக் கழற்றி விறகுக்குக் கொடுத்துவிடுகிறார். புதிய நிறுவனம் பழைய துளைகளுக்கு நடுவே புதிய துளைகளைப் போடுகிறது. அதன்பின் எது யாருடைய துளை என்று எந்தப் பொறியாளராலும் சொல்ல முடியாது. பழைய நிறுவனமே மறுபடி வந்து துளையிட்டாலும் விளைவு இதுதான். ஆனால் அவர்களை வரவிடாமல் தடுத்தால், உத்தரவாத நிபந்தனையை நீங்கள் மீறியதாகிவிடும். எனவே குறிப்பிட்ட நாளில் கூட்டாகப் பார்வையிட வருமாறு விரைவு அஞ்சலில் (ஸ்பீட் போஸ்ட்) அழையுங்கள். வந்தாலும் வராவிட்டாலும், ஒரு கட்டடப் பொறியாளரைக் கொண்டு அன்றே துளைகளை அளவு நாடா வைத்துப் படமெடுத்து, எண்ணி, அறிக்கை பெறுங்கள். மறுமருந்து அதன் பிறகு. கழற்றிய மரத்தை வழக்கு முடியும்வரை பத்திரப்படுத்துங்கள்.

மரத்துக்குப் பொறுப்பில்லை என்ற நிபந்தனை அநியாயம் என்று உங்களுக்குத் தோன்றலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற ஒப்பந்தம் பற்றிய புகாரை விசாரிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்திலிருந்துதான் தொடங்குகிறது. மாவட்ட ஆணையத்துக்கு அது இல்லை. தவிர, கையொப்பமிட்ட பொறுப்பு வரம்பு நுகர்வோரைக் கட்டுப்படுத்தும் என்று 1996இல் பாரதி நிட்டிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கட்டாயம் எடுத்துக்காட்டுவார்.

ஆகவே, ரசீதில்லாத பழைய தேக்குக்கு 4 லட்சம் கேட்டு ஆண்டுக்கணக்கில் அலைவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். துளை அறிக்கை சாதகமாக வந்தால் அதன் நகலை இணைத்து அறிவிப்பு அனுப்பி, கட்டிய 24,000 ரூபாய், புதிய நிலைக்கான மரமும் கூலியும், முறைப்படியான மறுமருந்து ஆகியவற்றைக் கேளுங்கள். அதில் முக்கால் பங்கு கிடைத்தாலும் ஒப்புக்கொண்டு சமரசத்தை எழுத்தில் முடியுங்கள். தைக்குள் நிலை நிற்க வேண்டுமானால் இதுதான் வழி. அறிக்கை பாதகமாக வந்தால் இலவச மறுமருந்தை ஏற்றுக்கொண்டு விட்டுவிடுங்கள்.

பேச்சு இழுத்தால், ஆணையத்தில் புகார் செய்வதற்கான இரண்டு ஆண்டுக் கால வரம்பை மறக்க வேண்டாம். ‘அடுத்த வாரம் ஆள் அனுப்புகிறோம்’ என்ற வாட்ஸ்அப் செய்திகளால் அது நீளாது. மறுமருந்து அடித்ததும் அவர்கள் நீட்டும் பணிச்சீட்டில் ‘முழுத் திருப்தி, வேறு கோரிக்கை இல்லை’ என்று அச்சிட்டிருக்கும். அந்த வரியை அடித்துவிட்டு, ‘மருந்து செலுத்தப்பட்டது, மர இழப்புக் கோரிக்கை நிலுவையில் உள்ளது’ என்று உங்கள் கையால் எழுதி, தேதியிட்டு, அதன் கீழ் கையொப்பமிடுங்கள்.