வாஷிங் மெஷின் நிற்கும்போது சுவருக்குள் 'டம்' சத்தம்

வாஷிங் மெஷின் நிற்கும்போது சுவருக்குள் சத்தம் வருகிறது, மெஷினை மாற்ற வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். மெஷின் தண்ணீர் எடுப்பதை நிறுத்தும் நொடியில் மட்டும் 'டம்' என்று இடிக்கிறது என்றால், மெஷினை மாற்ற வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் மின் வால்வு சட்டென மூடிக்கொள்கிறது; வேகமாக வந்த தண்ணீர் அதில் மோதி, குழாயை உதைக்கிறது. சமையலறைக் குழாயைக் கையால் மெதுவாக மூடுவதால் அங்கே சத்தம் இல்லை.

மெஷினுக்குப் போகும் குழாயைப் பாதி மூடிவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். சத்தம் அடங்கினால் அப்படியே விட்டுவிடலாம், நிரம்பக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான். அடங்காவிட்டால் குழாயைச் சுவரோடு பிடிக்கும் கிளிப் கழன்றிருக்கலாம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்தில் சரிவின் அடியில் வீடு என்கிறீர்கள். என் சந்தேகம் அங்கேதான். மேட்டுத் தொட்டியிலிருந்து தண்ணீர் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் சுமார் 100 கிலோபாஸ்கல் கூடும். மெஷின் குழாயில் ஓர் அழுத்தமானியை மாட்டி, இரவில் எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது பாருங்கள். இங்குள்ள கீசர்கள் பலவும் 400 கிலோபாஸ்கலுக்குச் செய்தவை. முள் அதைத் தாண்டி நின்றால் அழுத்தம் குறைக்கும் வால்வு தேய்ந்திருக்கலாம், அல்லது மெஷின் குழாய் அந்த வால்வுக்கு முன்னாலேயே தனிக் கிளையாகப் பிரிந்து, குறைக்காத அழுத்தத்தை வாங்கலாம்.

ஒன்று மட்டும்: கீசர் பக்கத்து வால்வுகளில் நீங்களே ஸ்பேனர் வைக்காதீர்கள். பதிவு பெற்ற பிளம்பர் வரட்டும். பிறகு ஏதாவது வெடித்தால் இன்ஷூரன்ஸ்காரர் கைவிரித்துவிடலாம்.