பிறப்புறுப்பு மருக்கள்: வடசென்னையிலிருந்து வந்த கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

தோல் மற்றும் பால்வினை நோய் மருத்துவராக வண்ணாரப்பேட்டையில் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். பிறப்புறுப்பில் தோன்றும் மருக்களைப் பற்றி வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை, அனுப்பியவர்களின் அடையாளத்தை நீக்கிவிட்டு இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

டாக்டர், எனக்கு வயது 27. ஆணுறுப்பின் அடிப்பகுதியில் ஒரு மாதமாகக் காலிபிளவர் பூவைப் போலச் சிறு கட்டிகள் உள்ளன. வலி இல்லை. சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்து வைத்தால் உதிர்ந்துவிடும் என்று நண்பர் சொல்கிறார். வைக்கலாமா? (காசிமேடு)

தயவுசெய்து வைக்காதீர்கள். கழுத்தில் வரும் பாலுண்ணிக்கு நம் வீடுகளில் சுண்ணாம்பு வைப்பதும், அம்மான் பச்சரிசிப் பாலைத் தடவுவதும், முடியைக் கட்டி அறுப்பதும் வழக்கமாக இருக்கலாம். ஆனால் பிறப்புறுப்பின் தோல் மிக மெல்லியது என்பதால், சுண்ணாம்பும் சோடாவும் சேர்ந்த காரம் மருவோடு நில்லாமல் சுற்றியுள்ள நல்ல தோலையும் வேகவைத்துவிடும். அப்படி வெந்துபோய் வந்தவர்களுக்கு, மருவைக் கவனிக்கும் முன் புண்ணை ஆற்றவே பல வாரங்கள் செலவழிக்க வேண்டியிருந்தது.

முதலில் அது மருதானா என்பது தெரிய வேண்டும். ஆணுறுப்பு மொட்டின் விளிம்பில் வரிசையாக முத்துப் போலக் காணப்படும் சிறு பருக்கள் இயல்பானவை. அவற்றுக்குச் சிகிச்சையே தேவையில்லை. மறுபுறம், சிபிலிஸ் நோயின் இரண்டாம் கட்டத்திலும் ஈரமான, தட்டையான மருப் போன்ற தடிப்புகள் வரும். அதற்குப் பென்சிலின் ஊசி தேவை. இதனால்தான் மருவைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யும் நாங்கள், கூடவே சிபிலிஸைக் கண்டறியும் வி.டி.ஆர்.எல். பரிசோதனைக்கும் எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் இரத்தம் கொடுக்கச் சொல்கிறோம். ஸ்டான்லி மருத்துவமனை உங்களுக்கு அருகில்தான் உள்ளது.

திருமணமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. எனக்கு மரு வந்திருப்பதாக மருத்துவர் சொன்ன நாளிலிருந்து கணவர் என்னைச் சந்தேகிக்கிறார். எனக்கோ அவர்மீது சந்தேகம். யாரிடமிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியுமா? (கொருக்குப்பேட்டை)

முடியாது, அம்மா. இதை உங்கள் கணவரும் படிக்க வேண்டும் என்பதற்காகச் சற்று விரிவாகவே சொல்கிறேன். இந்த மருக்களுக்குக் காரணம் மனித பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்.பி.வி. இதில் 100-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பிறப்புறுப்பு மருக்களில் சுமார் 90 விழுக்காடு, 6, 11 என்ற எண்ணிட்ட இரு வகைகளால் வருகின்றன. தொற்றிய வைரஸ் பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து எட்டு மாதங்களுக்குள் மருவாக வெளிப்படும். ஆனால் சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தோலுக்குள் அரவமில்லாமல் தங்கியிருந்துவிட்டு, உடலின் எதிர்ப்புச் சக்தி குறையும்போதோ கருவுற்றிருக்கும்போதோ தலைகாட்டும். வைரஸ் உள்ள பலருக்கு வாழ்நாள் முழுவதும் ஒரு மருகூட வருவதில்லை. ஆகவே, இருவரில் முதலில் மரு வந்தவர்தான் நோயைக் கொண்டுவந்தார் என்று சொல்வதற்கு மருத்துவத்தில் எந்த அடிப்படையும் இல்லை. திருமணத்துக்கு முன் ஒருவருக்குத் தொற்றியது ஆறாம் ஆண்டில் மற்றவர் உடலில் தெரிவதும் நடக்கக்கூடியதே. துரோகத்துக்கான சாட்சியாக இந்த மருவைக் கொண்டு நிறுத்துவது பெரும் அநியாயம், பெரும்பாலும் அந்த அநியாயம் பெண்ணின் தலையில்தான் விழுகிறது. இருவரும் சேர்ந்தே பரிசோதனைக்கு வாருங்கள்.

எங்கள் குடியிருப்பில் நான்கு குடும்பங்களுக்கு ஒரே கழிப்பறை. அதன்மூலம் பரவுமா? (வியாசர்பாடி)

அந்த அச்சம் வேண்டாம். உடலுறவின்போது தோலோடு தோல் உரசுவதால்தான் இது பரவுகிறது. சவரக்கத்தியை மட்டும் பகிர்ந்துகொள்ளாதீர்கள். மரு உள்ள இடத்தில் சவரம் செய்தால், நுண்ணிய கீறல்கள் வழியாக அது பக்கத்துத் தோலுக்கும் பரவும்.

இரண்டு முறை மின்சாரத்தால் சுட்டு எடுத்தும் மீண்டும் வந்துவிட்டது. நிரந்தரத் தீர்வு உண்டா? (எண்ணூர்)

மீண்டும் வந்ததால் சிகிச்சை தவறு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நாங்கள் அகற்றுவது கண்ணுக்குத் தெரியும் மருவைத்தான். சுற்றியுள்ள தோலில் வைரஸ் இருக்கும்வரை, குறிப்பாக முதல் மூன்று மாதங்களில், மரு திரும்புவது சாதாரணம். வைரஸை நேரடியாகக் கொல்லும் மருந்து இதுவரை இல்லை. பெரும்பாலோரின் உடல் காலப்போக்கில் தானே அதை அடக்கிவிடுகிறது.

வீட்டில் பூசும் மருந்துகளில் போடோபைலோடாக்சினை நாளுக்கு இருமுறை மூன்று நாட்கள் பூசி, நான்கு நாட்கள் விட வேண்டும்; இமிக்யுமோட் களிம்பை வாரத்தில் மூன்று இரவுகள், அதிகபட்சம் 16 வாரங்கள் பூசலாம். இவற்றை மருந்துக்கடையில் தானாகக் கேட்டு வாங்காமல், எங்கே எவ்வளவு பூசுவது என்று மருத்துவர் காட்டிய பின்பே தொடங்குங்கள். மருத்துவமனையில் செய்பவை ட்ரைகுளோரோ அசிட்டிக் அமிலம் வைப்பது, திரவ நைட்ரஜனால் உறையவைப்பது, மின்சாரத்தால் சுடுவது, பெரிய மருவை வெட்டி எடுப்பது ஆகியன. புகைப்பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். எச்.ஐ.வி. பரிசோதனை செய்யவில்லையெனில் செய்துகொள்ளுங்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு மரு விடாப்பிடியாக வரும். மரு கறுத்தாலோ, இறுகினாலோ, இரத்தம் கசிந்தாலோ சதைப் பரிசோதனை அவசியம். சுவரொட்டிகளில் ஒரே வாரத்தில் வேரோடு நீக்குவதாக அறிவிப்பவர்களிடம் பணத்தை இழக்காதீர்கள்.

ஏழு மாதக் கர்ப்பிணி நான். மரு பெரிதாகிக்கொண்டே போகிறது. சிசேரியன்தான் செய்ய வேண்டுமா? (ராயபுரம்)

மருவுக்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. பிறப்புப் பாதையை அடைக்கும் அளவுக்கு இருந்தால்தான் அதைப் பற்றி யோசிப்பார்கள். கர்ப்பத்தில் மரு வளர்வதும் பேறுகாலத்துக்குப் பின் சுருங்குவதும் இயல்பு. குழந்தையின் தொண்டையில் மரு வருவது மிக அரிது. போடோபைலோடாக்சினைத் தொடவே கூடாது. உறையவைக்கும் சிகிச்சையும் அமிலச் சிகிச்சையும் செய்யலாம். பேறுகாலம் பார்க்கும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இது புற்றுநோயாக மாறுமா? என் 12 வயது மகளுக்கும் 14 வயது மகனுக்கும் தடுப்பூசி போடலாமா? (பெரம்பூர்)

மருவை உண்டாக்கும் 6, 11 வகைகள் புற்றுநோயை உண்டாக்குவது மிக அரிது. கருப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 விழுக்காட்டுக்குக் காரணம் 16, 18 ஆகிய வேறு வகைகள். ஆனால் ஒருவருக்கே பல வகைகள் தொற்றியிருக்கலாம் என்பதால், 30 வயது கடந்த பெண்கள், மரு இருந்தாலும் இல்லாவிட்டாலும், அரசு மருத்துவமனைகளில் செய்யப்படும் கருப்பை வாய்ப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

இருவருக்கும் போடலாம், போடவும் வேண்டும். 2022-இல் அனுமதி பெற்ற, இந்தியாவிலேயே தயாராகும் செர்வாவாக் தடுப்பூசி, 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளிலிருந்தும் காக்கிறது; 9 முதல் 14 வயது வரை இரண்டு தவணை, 15 முதல் 26 வரை மூன்று தவணை. பாலுறவு வாழ்க்கை தொடங்கும் முன் போட்டால்தான் முழுப் பயன் உண்டு. ஏற்கெனவே வந்த மருவை அது குணப்படுத்தாது.

மரு முழுவதும் மறைந்துவிட்டது. நான்கு மாதத்தில் எனக்குத் திருமணம். அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டுமா? (திருவொற்றியூர்)

சொல்லுங்கள், தம்பி. வைரஸ் உங்கள் உடலைவிட்டுப் போய்விட்டதா என்று காட்டும் இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், ஆனால் அது மூடாத தோல் வழியாகத் தொற்று பரவக்கூடும். அவருக்கு 26 வயதுக்குள் என்றால், திருமணத்துக்கு முன்பே தடுப்பூசியைத் தொடங்க உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. தனியாகச் சொல்லத் தயக்கமாக இருந்தால் அவரை அழைத்துக்கொண்டு வாருங்கள். மருத்துவமனையில் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையத்தில் இருக்கும் ஆலோசகர், கதவைச் சாத்திக்கொண்டு, இருவரிடமும் பொறுமையாகப் பேசுவார்.