விலங்குச் சிற்பத்தின் பிறப்பிடமும் மதிப்பும்: கேள்வி பதில்

கேள்வி: பாட்டியின் அலமாரியிலிருந்து ஒரு சாண் நீளமுள்ள சிங்கச் சிற்பம் எனக்கு வந்திருக்கிறது. பீடத்தின் ஓரத்தில் ‘பாரி’ என்ற பெயர் பிரெஞ்சு எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. இது அசல்தானா?

பதில்: அந்துவான் லூயி பாரி (1795–1875) விலங்குச் சிற்பங்களுக்கென்றே பெயர் பெற்ற பிரெஞ்சுச் சிற்பி. ஆனால் பெயர் அவருடையது என்பதனாலேயே வார்ப்பும் அவர் காலத்தது என்று கொண்டுவிட முடியாது. 1848இல் அவர் கடனில் நொடித்துப் போனபோது அவருடைய மாதிரி உருக்கள் கைமாறின; அவர் மறைந்த பிறகு, 1876இல் நடந்த ஏலத்தில் பல மாதிரிகளைப் பார்பெதியென் வார்ப்பகம் வாங்கித் தொடர்ந்து வார்த்து விற்றது. ஆகவே சிற்பியின் பெயரைப் பார்த்த கண்ணோடு வார்ப்பகத்தின் பெயரையும் தேடுங்கள்; பெரும்பாலும் அது பீடத்தின் பின்புற விளிம்பில் சிறிய எழுத்தில் இருக்கும்.

அடுத்து, சிற்பத்தை அளந்து, அதே உருவத்துக்கு அருங்காட்சியகப் பட்டியல்கள் தரும் அளவோடு ஒப்பிடுங்கள். உருகிய வெண்கலம் ஆறும்போது ஏறத்தாழ 2 விழுக்காடு சுருங்கும் என்பதால், முடிந்த சிற்பத்தின் மீதே அச்செடுத்து வார்த்த நகல், 25 செ.மீ. நீளத்துக்கு அரை செ.மீ. அளவில் குறைந்து காணப்படும். பிடரி மயிரின் மீது நகத்தை ஓட்டிப் பாருங்கள்: வார்த்த பின் உளியால் திருத்திய வேலையில் ஒவ்வொரு இழையும் நகத்தில் தட்டுப்படும்; நகலின் நகலில் அவை பாதி கரைந்த சோப்பில் உள்ள எழுத்தைப் போல மழுங்கியிருக்கும்.

கேள்வி: என்னிடமுள்ள குதிரை வெண்கலமா, வேறு உலோகமா என்று எப்படிக் கண்டறிவது?

பதில்: பூச்சு தேய்ந்த இடத்தையோ, அடிப்புறத்தில் எவர் கண்ணிலும் படாத மூலையையோ பாருங்கள். உள்ளே பொன்மஞ்சளோ செம்மையோ தெரிந்தால் வெண்கலமோ பித்தளையோ ஆகலாம்; வெள்ளிச் சாம்பல் நிறம் தெரிந்தால் துத்தநாகக் கலவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெண்கலத்துக்கு மலிவான மாற்றாக இக்கலவையில் ஏராளமான சிற்பங்கள் வார்க்கப்பட்டன. அது எளிதில் முறியக்கூடியது. குதிரையின் கால், வால், காது ஆகிய மெல்லிய பகுதிகளில் ஒட்டுப்போட்ட தடம் இருக்கிறதா என்று கவனியுங்கள். அடிப்பக்கம் முழுவதும் துணி ஒட்டி மூடியிருந்தால் சற்றுச் சந்தேகப்படுவது நல்லது. விற்பவர் மறைக்க விரும்புவது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கேள்வி: பீங்கான் நாய் ஒன்றின் அடியில் நீல நிறத்தில் குறுக்கிட்ட இரண்டு வாள்கள் உள்ளன. மைசன் என்று சொல்லலாமா?

பதில்: உடனே சொல்ல வேண்டாம். ஜெர்மனியின் மைசன் பீங்கான் ஆலை 1710இல் தொடங்கப்பட்டது. உலகில் மிக அதிகமாகப் போலி செய்யப்பட்ட முத்திரைகளில் அதன் வாள்களும் அடங்கும். அசலில் இம்முத்திரை பொதுவாக மெருகுக்கு அடியில் கையால் வரையப்பட்டிருக்கும். மெருகின் மேலே விரலுக்குத் தட்டுப்படும்படி இருந்தால் ஐயம் வலுக்கிறது. வாள்களின் குறுக்கே கீறல்கள் வெட்டப்பட்டிருந்தால், ஆலையே அதனை இரண்டாந்தரம் என ஒதுக்கியதைக் குறிக்கலாம். மதிப்பு அதற்கேற்பக் குறையும்.

கேள்வி: யானைப் பொம்மையின் அடியில் ‘நிப்பான்’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறது. காலம் கணிக்க இயலுமா?

பதில்: ஓரளவு இயலும். 1890ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கச் சட்டப்படி, 1891 முதல் அந்நாட்டில் இறக்குமதியாகும் பொருள்களில் பிறப்பிட நாட்டின் பெயரைக் குறிக்க வேண்டியதாயிற்று. ஜப்பானியப் பொருள்களில் 1921 வரை ‘நிப்பான்’ என்றும், பிறகு ‘ஜப்பான்’ என்றும் இடப்பட்டது. நாட்டின் பெயரே இல்லையென்றால் 1891க்கு முந்தியது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அமெரிக்காவுக்குப் போகாத பொருளாகவோ, காகிதச் சீட்டு உதிர்ந்துபோனதாகவோ இருக்கலாம்.

கேள்வி: தந்தத்தில் செதுக்கிய மீன் ஒன்று உள்ளது. விற்க இயலுமா?

பதில்: முதலில் அது தந்தம்தானா என்று பாருங்கள். யானைத் தந்தத்தின் குறுக்கு வெட்டு முகத்தில் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் நுண்ணிய வளைகோடுகள் தெரியும். எலும்பில் அவற்றுக்குப் பதிலாகக் கருமையான சிறு புள்ளிகளும் கீற்றுகளும் இருக்கும். தந்தமே என்றால், விலையைப் பற்றி யோசிக்கும் முன் உங்கள் நாட்டின் சட்டத்தைக் கேட்டறியுங்கள். ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகத்தைத் தடை செய்யும் முடிவு 1989இல் எடுக்கப்பட்டது. பழம்பொருள்களுக்கான விலக்கு நாட்டுக்கு நாடு வேறுபடும்.

கேள்வி: எங்கள் வெண்கலக் கரடியைப் பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்கிவிட்டேன். மதிப்பு கூடியிருக்குமா?

பதில்: குறைந்திருக்கும். வார்ப்பகத்தார் அமிலமும் வெப்பமும் கொண்டு வேண்டுமென்றே ஏற்றிய பழுப்பு நிறத்தைத்தான் நீங்கள் தேய்த்து எடுத்திருக்கிறீர்கள். மேலும் தேய்க்காமல், உலர்ந்த மென்துணியால் தூசியை மட்டும் துடைத்துவிட்டு அப்படியே வைத்திருங்கள்.