நவம்பர் முதல் தேதிக்கு என்ன மகிமை?

கேள்வி: நவம்பர் முதல் தேதி வந்தால் எங்கள் தெருவில் கன்னடர்களின் மஞ்சள் சிவப்புக் கொடி ஏறுகிறது. அதே தேதியில்தான் கேரளமும் ஆந்திரப் பிரதேசமும் மத்தியப் பிரதேசமும் பிறந்தன, பஞ்சாபும் ஹரியானாவும் பிரிந்தன, புதுச்சேரி விடுதலை பெற்றது என்று கைப்பேசியில் வந்த ‘வரலாற்றில் இன்று’ பட்டியலை என் மகன் படித்துக் காட்டினான். இத்தனையும் ஒரே தேதியில் கூடிவந்தது வியப்பான தற்செயல் அல்லவா? அந்த நாளுக்குத் தனி மகிமை ஏதேனும் உண்டா? எல்லைகளை இழந்த தமிழராகிய நாம் அன்று கொண்டாடுவதா, துக்கம் காப்பதா?
— ஒரு வாசகர், அல்சூர், பெங்களூர்

பதில்: தற்செயல் என்ற சொல்லை முதலில் அகற்றிவிடுவோம். உங்கள் மகன் படித்த பட்டியலில் கேரளம், ஆந்திரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், நாம் வாழும் இந்தக் கர்நாடகம் ஆகியவற்றின் பிறப்பு நான்கு நிகழ்வுகளாக எண்ணப்பட்டிருக்கிறது. அவை நான்கல்ல, ஒன்றே. ஒரே பிரசவத்தில் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் ஒன்றாக இருப்பதைக் கண்டு யாரும் வியப்பதில்லை. பசல் அலி தலைமையில் குன்ஸ்ருவும் பணிக்கரும் உறுப்பினராக இருந்த மாநிலங்கள் மறுசீரமைப்பு ஆணையம் 1955 செப்டம்பர் 30 அன்று தன் அறிக்கையை அளித்தது. அதைத் தழுவியும் சில இடங்களில் அதிலிருந்து விலகியும் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் 1956 ஆகஸ்ட் 31 அன்று ஒப்புதல் பெற்றது. புதிய எல்லைகள் நடைமுறைக்கு வரும் நாள் நவம்பர் 1 என்று அந்தச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. அன்று விடிந்தபோது இந்தியாவில் 14 மாநிலங்களும் 6 ஒன்றியப் பகுதிகளும் இருந்தன. ஐதராபாத் என்ற மாநிலம் மூன்றாகப் பிரிந்து ஆந்திரத்திலும் பம்பாயிலும் மைசூரிலும் கலந்துவிட்டது.

பட்டியலில் உள்ள மற்றவற்றைத் தனித்தனியே பார்க்க வேண்டும். மைசூர் மாநிலம் 1973 நவம்பர் 1 அன்று கர்நாடகம் ஆயிற்று. 2014 நவம்பர் 1 அன்று பெங்களூர் உள்ளிட்ட 12 ஊர்களின் பெயர்கள் கன்னட ஒலிப்புக்கு ஏற்ப மாற்றப்பட்டன. இவை கர்நாடகம் உருவான நாளைக் கொண்டாடும் ராஜ்யோத்சவத்தை மனத்தில் வைத்து வேண்டுமென்றே தேர்ந்தெடுத்த நாள்கள். முன்னைய நாளின் பெருமையில் பின்னையது பங்கு கொள்கிறது. புதுச்சேரியின் கதையோ முற்றிலும் வேறு. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தார்கள். இரண்டு வாரங்களுக்குள், நவம்பர் 1 அன்று, பிரெஞ்சு ஆட்சி தன் பொறுப்பை ஒப்படைத்தது. மொழிவாரி மாநிலங்களுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. தற்செயல் என்ற சொல்லை இந்தப் பட்டியலில் எங்காவது வைக்க வேண்டுமென்றால் இங்கே வைக்கலாம்.

அங்கும் முழுமையாக வைக்க முடியாது என்பதுதான் நான் சொல்ல விரும்புவது. ஆந்திர மாநிலம் 1953 அக்டோபர் 1 அன்று பிறந்தது. திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று நம்மிடம் திரும்பியது. மகாராஷ்டிரமும் குஜராத்தும் 1960 மே 1 அன்றும், நாகாலாந்து 1963 டிசம்பர் 1 அன்றும், பஞ்சாபிலிருந்து ஹரியானா 1966 நவம்பர் 1 அன்றும், சத்தீஸ்கர் 2000 நவம்பர் 1 அன்றும் தோன்றின. ஓர் ஆட்சி மாறும்போது சம்பளப் பட்டியலும் கருவூலக் கணக்கும் நிலவரிப் பதிவேடும் கைமாற வேண்டும். அதற்கு மாதத்தின் முதல் நாள்தான் வசதி. அரசுகள் தேதி குறிக்கும்போது ஆண்டின் 365 நாள்களும் சம வாய்ப்போடு போட்டியிடுவதில்லை. பன்னிரண்டே நாள்கள் முன்வரிசையில் நிற்கின்றன. அந்தப் பன்னிரண்டில் ஒன்று பல முறை மீண்டு வருவதற்கு மகிமை எதுவும் தேவையில்லை. எந்த விருப்பமும் கலவாத பிறந்தநாள்களே எவ்வளவு எளிதில் மோதிக்கொள்கின்றன என்பதைக் கணக்கு காட்டும்: 23 பேர் கூடிய அறையில் யாரேனும் இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல், 57 பேர் கூடினால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது.

ஆகவே இரண்டு நிகழ்வுகள் ஒரே தேதியில் நிற்கக் கண்டால், அந்தத் தேதியை யார் குறித்தார் என்ற கேள்வியை உங்கள் மகன் கேட்கப் பழக வேண்டும். அரசியலமைப்புச் சட்டம் 1949 நவம்பர் 26 அன்றே ஏற்கப்பட்டுவிட்டது. ஆனாலும் முழுமையாக நடைமுறைக்கு வர 1950 ஜனவரி 26 வரை காத்திருந்தது, 1930-இல் அதே தேதியில் நாடெங்கும் முழு விடுதலை உறுதிமொழி எடுக்கப்பட்டது என்பதற்காக. ஜார்க்கண்ட் 2000 நவம்பர் 15 அன்று உதயமானது பிர்சா முண்டாவின் பிறந்தநாளை ஒட்டி. இவற்றில் மனிதர்களின் எண்ணம் இருக்கிறது. அந்த எண்ணத்தை அறிந்தால் வரலாறு விளங்குகிறது. மாறாக, காந்தியடிகள் பிறந்த அக்டோபர் 2 அன்று 1975-இல் காமராசர் மறைந்தார். பெரியார் மறைந்த டிசம்பர் 24 அன்றே பதினான்கு ஆண்டுகள் கழித்து எம்.ஜி.ஆர். மறைந்தார். இவற்றை யாரும் குறிக்கவில்லை. இரண்டு துயரங்களையும் ஒரே நாளில் நினைவுகூரும் வீட்டில் அந்த நாள் கனப்பது உண்மை. அந்தக் கனத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அது நினைப்பவரின் நெஞ்சில் இருக்கிறதே தவிர நாள்காட்டியில் இல்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் இத்தகைய பட்டியல்கள் பாரதியின் மறைவைத் தவறாமல் செப்டம்பர் 11-இல் சேர்த்து, விவேகானந்தரின் 1893 சிகாகோ உரையோடும் 2001 நியூயார்க் தாக்குதலோடும் கோத்துவிடுகின்றன. பாரதி 1921-இல் காலமானது நள்ளிரவு கடந்து ஒரு மணிக்குப் பிறகு. ஆங்கிலக் கணக்கின்படி அது செப்டம்பர் 12. ஆனால் நம் பழைய வழக்கில் ஒரு நாள் சூரிய உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரை நீள்கிறது. பொழுது விடியாத வரை முந்தைய நாளே நடக்கிறது என்று எண்ணிய குடும்பத்தாருக்கும் நண்பர்களுக்கும் அது 11-ஆம் தேதி இரவுதான். இரண்டில் எதையும் நான் பிழை என்று சொல்ல மாட்டேன். திதி பார்த்து நீத்தாரை நினைப்பதும் நட்சத்திரம் பார்த்துப் பிறந்தநாள் கொண்டாடுவதும் இன்னும் வழக்கிலுள்ள சமூகத்தில், ஒரு மனிதரின் நாள் எந்தக் கணக்கில் சொல்லப்படுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லாமல், மூன்று நிகழ்வுகளை ஒரு தேதியில் முடிச்சுப் போட்டு அதில் விதியைக் காண்பது மட்டுமே பிழை.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. அதுதான் முக்கியமானது என்று எனக்குத் தோன்றுகிறது.

கன்னடர்களின் கொண்டாட்டமும் தமிழர்களின் இழப்பும் ஒரே நாளில் அமைந்துவிட்டதாக நீங்கள் எண்ணுகிறீர்கள். இரண்டும் ஒரே சட்டத்தின் இரு பிரிவுகள். அந்தச் சட்டத்தினால் சென்னை மாநிலத்திலிருந்து மலபார் மாவட்டமும் காசர்கோடு வட்டமும் கேரளத்துக்குப் போயின. தென் கன்னட மாவட்டத்தின் எஞ்சிய பகுதியும், கோவை மாவட்டத்தைச் சேர்ந்த கொள்ளேகால் வட்டமும் மைசூருக்கு வந்தன. திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் பிரிந்து கன்னியாகுமரி மாவட்டமாக நம்மிடம் சேர்ந்தன, செங்கோட்டையும் சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் சேரவில்லை. மார்ஷல் நேசமணியின் தலைமையில் தெற்கெல்லை மக்கள் நடத்திய போராட்டமும், 1954 ஆகஸ்ட் 11 அன்று துப்பாக்கிச் சூட்டில் விழுந்தவர்களின் உயிரும் இல்லாமல் அந்த நான்கு வட்டங்கள் வந்திருக்குமா என்பது ஐயமே. மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டக் கேட்டு விருதுநகரில் உண்ணாநோன்பு தொடங்கிய சங்கரலிங்கனார் 1956 அக்டோபர் 13 அன்று உயிர்துறந்தார். மூன்று வாரத்துக்குள் வந்த நவம்பர் 1 அன்று எல்லை மாறியது, பெயர் மாறவில்லை. பெயர் மாற்றத் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேற 1967 ஜூலை 18 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தமிழ்நாடு நாள் எது என்பதில் நவம்பர் 1-க்கும் ஜூலை 18-க்கும் இடையே நிகழ்ந்த விவாதத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. நிலம் உருப்பெற்ற நாள் ஒன்று, பெயர் கிடைத்த நாள் வேறொன்று.

இழந்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அல்சூரில் இருந்துகொண்டு அதை எழுதும்போது சற்று நிதானிக்கக் கேட்டுக்கொள்கிறேன். அல்சூர் 1956 அக்டோபர் 31 அன்று மைசூர் மாநிலத்தில் இருந்தது. மறுநாளும் அங்கேயே இருந்தது. 1809-இல் ஆங்கிலேயர் படை இங்கே நிலைகொண்ட பிறகு, தண்டு என்று நம் முன்னோர் அழைத்த கண்டோன்மென்ட் பகுதியில் சிப்பாய்களாகவும் வணிகர்களாகவும் கைவினைஞர்களாகவும் கூலிகளாகவும் குடியேறியவர்களின் வழிவந்த நமக்கு, அந்தச் சட்டம் எந்த ஊரையும் எடுக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. தேவிகுளத்துத் தோட்டத் தொழிலாளியின் துயரத்தை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும். ஆனால் அதை நம் சொந்த இழப்பைப் போல அண்டை வீட்டாரிடம் கணக்கு கேட்கப் பயன்படுத்தக் கூடாது.

அந்த அண்டை வீட்டாருக்கும் அதே நாளில் ஒரு வடு உண்டு என்பதை நம்மில் மிகச் சிலரே அறிவோம். காசர்கோடு கேரளத்துக்குப் போனதைக் கன்னடர்கள் இன்றும் மறக்கவில்லை. அந்த மண்ணின் கவிஞர் கய்யார கிஞ்ஞண்ண ரை தம் நூறாண்டு வாழ்வின் பெரும்பகுதியை அதைக் கர்நாடகத்துடன் சேர்க்கும் கோரிக்கைக்காகச் செலவிட்டார். பம்பாய் மாநிலத்திலிருந்து மைசூருக்கு வந்த பெளகாவி (பெல்காம்) பற்றி மராட்டியரிடம் கேளுங்கள், அவர்களும் நவம்பர் முதல் தேதியைத்தான் சொல்வார்கள். மொழிவாரி எல்லை எங்கே வரையப்பட்டாலும் கோட்டுக்கு அப்பால் சிலர் நின்றே தீர்ந்தார்கள். அந்த வலி நமக்கு மட்டும் நேர்ந்ததாக நினைப்பது அறியாமை.

ஆகவே என் கருத்தைத் தெளிவாகவே சொல்கிறேன். உங்கள் தெருவில் கொடியேற்றும்போது வாசற்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்காதீர்கள். மகனையும் அழைத்துக்கொண்டு போய் நில்லுங்கள், ஏனெனில் அவன் படிப்பதும் நாளை வேலை தேடுவதும் இந்த மாநிலத்தில்தான். வீட்டுக்கு வந்ததும் நேசமணியைப் பற்றியும் சங்கரலிங்கனாரைப் பற்றியும் அவனுக்குச் சொல்லுங்கள். காலையில் நின்றதற்கு மாலையில் சொல்வது முரண் ஆகாது. ஒரே சட்டத்தின் வெவ்வேறு பக்கங்களை அவன் ஒரே நாளில் படித்திருப்பான். அந்தக் கைப்பேசிப் பட்டியலையும் அவன் கையில் கொடுத்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே அந்தத் தேதியைக் குறித்தவர் யார் என்று எழுதச் சொல்லுங்கள்.

கொள்ளேகால் வட்டம் கோவை மாவட்டத்தில் இருந்த காலத்தை நேரில் கண்டவர்கள் பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களில் இன்னும் இருக்கக்கூடும். 1956 நவம்பர் 1 அன்று பள்ளியிலும் தாலுகா அலுவலகத்திலும் எந்த மொழி மாறியது, எப்போது மாறியது என்பதை அவர்களிடம் கேட்டு எழுதி அனுப்பினால், வரும் நவம்பர் இதழில் நான்கு பக்கங்களை அதற்கென ஒதுக்கக் காத்திருக்கிறோம்.