ஐந்து மதிப்பெண்ணும் ஒரு தண்ணீர்த் தொட்டியும்

வணக்கம் ஐயா,

காவிரிப் படுகையில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் வரலாற்றுத் துறை உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். எங்களுக்கு உள்மதிப்பீட்டில் அசைன்மென்ட்டுக்கு 5 மதிப்பெண். ஒவ்வொரு பருவமும் இரண்டாமாண்டுப் பிள்ளைகள் 60 பேரும் ஏ4 தாளில் நாலைந்து பக்கம் எழுதித் தருவார்கள். எல்லாம் ஒரே கட்டுரைதான். ஒருவர் எங்கிருந்தோ எடுப்பார், மற்ற 59 பேர் அவரிடமிருந்து எடுப்பார்கள். இந்த வருடம் அதை விட்டுவிட்டு, ஆளுக்கொரு கட்டுரை தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். குறைந்தது 300 சொல். கட்டுரை நீக்கப்படாமல் நின்றால் முழு மதிப்பெண்.

துறைத்தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை. “விக்கிப்பீடியாவைப் பார்த்து எழுதாதே என்று நாமே சொல்லிவிட்டு நாமே அதில் எழுதச் சொல்வதா? யார் வேண்டுமானாலும் வந்து மாற்றுகிற இடத்துக்கு எப்படி மார்க் போடுவீர்கள்?” என்கிறார். நீங்கள் ஒரு கல்லூரியில் இதைச் செய்து பார்த்ததாக ஒரு பேச்சில் சொன்னது நினைவிருக்கிறது. இது நடக்கிற காரியமா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

வணக்கம்.

நடக்கிற காரியம்தான். ஆனால் நீங்கள் போட்டிருக்கும் திட்டப்படி நடக்காது. ‘300 சொல்’, ‘நீக்கப்படாமல் நின்றால்’ என்ற இரண்டையும் முதலில் அடித்துவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் துறைத்தலைவருக்கு ஒரு பதில்.

அவர் சொல்வதில் தப்பில்லை. அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தின் மிடில்பரி கல்லூரியில் 2007இல் இதே சண்டை வந்தது. ஜப்பானிய வரலாற்று வகுப்புத் தேர்வில் மாணவர்கள் சிலர் ஒரே தவறை எழுதியிருந்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் நடந்த ஷிமாபாரா கலகத்துக்கு ஜெசூட் பாதிரியார்கள் துணைநின்றார்கள் என்று. அந்தக் காலத்தில் ஜப்பானில் மிச்சமிருந்த பாதிரியார்கள் தலைமறைவாகக் கிடந்தார்கள், யாருக்கும் துணைநிற்கிற நிலையில் இல்லை. தவறு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விக்கிப்பீடியா. உடனே வரலாற்றுத் துறை கூடி, இனி விக்கிப்பீடியாவை மேற்கோளாகக் காட்டக் கூடாது என்று முடிவெடுத்தது. படிக்கக் கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. அந்த முடிவு இன்றைக்கும் சரிதான், விக்கிப்பீடியாவே தன்னை மேற்கோளாகக் காட்டுவதை ஏற்பதில்லை. பார்த்து எழுதுவது வேறு, அங்கே போய் எழுதுவது வேறு. ஓட்டலில் சாப்பிடாதே என்று சொல்கிற அம்மா, ஓட்டல் அடுப்படி எப்படி இருக்கிறது என்று ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டினால் பிள்ளைக்கு விஷயம் சட்டென்று புரியும் அல்லவா? அதுதான் நீங்கள் செய்யப்போவது.

சரி, ஏன் உங்கள் திட்டம் ஆகாது?

2011இல் புனேயில் சில கல்லூரிகளில் இதைப் பெரிய அளவில் முயன்றார்கள். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையே முன்னின்று நடத்திய திட்டம். பொறியியல், பொருளாதாரம் படிக்கும் நூற்றுக்கணக்கான மாணவர்கள் ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதினார்கள். உதவிக்குப் போட்ட ஆட்களில் பலருக்கே விக்கிப்பீடியா புதுசு. கெடு நெருங்க நெருங்க மாணவர்கள் என்ன செய்வார்கள்? பாடப் புத்தகத்திலும் இணையத்திலும் இருந்ததை அப்படியே தூக்கி ஒட்டினார்கள். பதிப்புரிமை மீறல் என்று எச்சரிக்கை வரும், மறுபடி ஒட்டுவார்கள், மறுபடி நீக்கப்படும். உலகத்திலேயே அதிகம் பேர் காவல் காக்கும் விக்கிப்பீடியா அது. அங்கேயே தன்னார்வலர்கள் திணறிப்போனார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள்.

தமிழுக்கு வாருங்கள். 2003இல் தொடங்கி, 2017இல் ஒரு லட்சம் கட்டுரையைத் தொட்டு, இப்போது ஒன்றரை லட்சத்தைத் தாண்டி நிற்கிறது. இ. மயூரநாதன் போன்றவர்கள் ஆரம்பத்திலிருந்து கல்லும் மண்ணும் சுமந்து கட்டியது. ஆனால் தினமும் உட்கார்ந்து புதுத் தொகுப்புகளை, அதாவது கட்டுரைகளில் மற்றவர் செய்யும் மாற்றங்களை, சரிபார்ப்பவர்களை இன்றைக்கும் விரல்விட்டு எண்ணிவிடலாம். எல்லாருக்கும் பகலில் வேறு வேலை. உங்கள் 60 பிள்ளைகள் ஒரே வெள்ளிக்கிழமை ராத்திரி 60 கட்டுரையைக் கொட்டினால், அந்த நாலைந்து பேரின் சனி, ஞாயிறு போச்சு. அவர்கள் பிள்ளைகள் மீது எரிந்து விழுவார்கள், பிள்ளைகள் அழுதுகொண்டு உங்களிடம் வருவார்கள். அதோடு, நீக்கப்படாமல் நிற்பதை வைத்து மதிப்பெண் போட்டால் நல்ல கட்டுரை எது என்று தெரியாது. யாரும் கவனிக்காத கட்டுரை எது என்றுதான் தெரியும்.

நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு நண்பருக்காக ஒரு பருவம் இந்த வகுப்பை எடுத்தேன். முதல் நாளே அவமானம். கணினி லேபில் 40 பேரை உட்காரவைத்து, எல்லாரும் கணக்கு தொடங்குங்கள் என்றேன். ஆறு பேருக்குக் கணக்கு வந்தது. ஏழாவது பெண்ணிலிருந்து அத்தனை திரையிலும் ஒரே எச்சரிக்கை. ஒரே இணைய முகவரியிலிருந்து ஒரு நாளைக்கு 6 கணக்குக்கு மேல் தொடங்க விடமாட்டார்கள், விஷமிகளைத் தடுக்க வைத்த ஏற்பாடு அது. லேபுக்கு மொத்தமும் ஒரே முகவரி. எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும், மறந்துவிட்டேன். மிச்ச நேரம் பூராவும் பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து கொண்டுவந்த பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்தைப் பற்றிக் கதை சொல்லிச் சமாளித்தேன். (அந்தக் கதையும் தேவைதான். 1954இல் முதல் தொகுதி வந்தது, கடைசித் தொகுதி வர 1968 ஆனது. கேட்டுக்கொண்டிருந்த பையன் ஒருவன், “சார், அதுக்குள்ள முதல் தொகுதி பழசாயிருக்குமே” என்றான். விக்கிப்பீடியா எதற்கு என்று நான் விளக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.)

ஆகவே கணக்கை ஒரு வாரம் முன்பே அவரவர் வீட்டில் தொடங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள். பயனர் பெயராகத் தேர்வுப் பதிவெண்ணை வைப்பார்கள், வைக்க விடாதீர்கள். பயனர் பக்கத்தில் முழுப்பெயர், வகுப்பு, செல்பேசி எண், எல்லாம் எழுதுவார்கள். ரெக்கார்டு நோட்டின் முதல் பக்கம் என்று நினைப்பு. அங்கே அழித்தாலும் பக்கத்தின் வரலாற்றில் கிடக்கும், பிறகு விக்கிப்பீடியா நிருவாகியிடம் கெஞ்சி மறைக்க வேண்டும். முக்கியமாகப் பெண் பிள்ளைகளிடம் இதை இரண்டு முறை சொல்லுங்கள். தன் பெயர் வெளியே தெரியாமல் எழுத எல்லாருக்கும் உரிமை உண்டு, உங்களுக்கு யார் எந்தப் பெயர் என்று தெரிந்தால் போதும்.

அப்புறம் அந்தத் தொட்டி விவகாரம். என் வகுப்பில் மறக்க முடியாதது அதுதான்.

தமிழ் விக்கிப்பீடியாவில் நம் ஊராட்சிகளுக்கெல்லாம் பக்கம் இருக்கிறது. பெரும்பாலும் ஒரே அச்சு. எந்த ஒன்றியம், எந்தத் தொகுதி, மக்கள்தொகை எவ்வளவு. அதன்கீழ் அடிப்படை வசதிகள் என்று ஒரு பட்டியல். கைக்குழாய் இத்தனை, மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி இத்தனை, குளம் இத்தனை, விளையாட்டு மையம் இத்தனை. நான் எல்லாரையும் அவரவர் ஊர்ப் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். ஒரு பெண் தன் ஊர்ப் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கொதித்தாள். “சார், மூணு தொட்டின்னு போட்டிருக்கு. ஒண்ணை இடிச்சு ரெண்டு வருஷமாச்சு.” சொல்லிக்கொண்டே 3ஐ 2 ஆக்கிவிட்டாள். ஒரு மணி நேரத்துக்குள் யாரோ அதைத் திரும்ப 3 ஆக்கியிருந்தார்கள். ஏன் மாற்றினோம் என்று எழுதும் தொகுப்புச் சுருக்கத்தில் ஒரே ஒரு சொல்: “சான்று?”

மறுநாள் வகுப்பில் அவள் என்னிடம் சண்டைக்கு வந்தாள். “தினம் பஸ்ஸுக்கு அந்த வழியாத்தான் வர்றேன். நான் கண்ணால பார்க்கிறது சான்று இல்லையா? ஊரே பார்க்காத ஒருத்தர் சொல்றது சான்றா?”

என்ன பதில் சொல்வது? வரலாறு கற்பிக்கும் உங்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். நம் வகுப்பறையில் நேரில் கண்டவர் வாக்குமூலம் முதல்தரச் சான்று. களத்துக்குப் போ, கல்வெட்டை நீயே படி, நீயே முடிவுக்கு வா என்கிறோம். விக்கிப்பீடியாவோ சொந்த ஆய்வு கூடாது என்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டை உங்கள் மாணவி தானே படித்து, இதுவரை யாரும் சொல்லாத ஒன்றைக் கண்டுபிடித்தாலும் அதை அங்கே எழுத முடியாது. முதலில் வேறெங்காவது அச்சாக வேண்டும். கேட்டால் அநியாயமாகத் தோன்றும். ஆனால் எழுதுபவர் யாரென்றே தெரியாத இடத்தில் ‘நான் பார்த்தேன்’ என்பதை எப்படி நம்புவது? அங்கே ஆளைப் பார்த்து நம்புவதில்லை, அடிக்குறிப்பைப் பார்த்து நம்புகிறார்கள். இந்த இரண்டு முறைக்கும் உள்ள இழுபறியை நான் எத்தனை வகுப்பில் விரிவுரையாகச் சொல்லியிருப்பேன்! ஒரு பிள்ளையும் கோபப்பட்டதில்லை. தொட்டிக்காக அவள் கோபப்பட்டாள்.

பட்டியலின் தலையில் இருக்கும் வரியைப் படி என்றேன். ஊரக வளர்ச்சித் துறையின் 2015ஆம் ஆண்டுத் தகவல் என்று அதில் தெளிவாக இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்ப அது தப்பில்ல சார், பழசு” என்றாள்.

அப்புறம் அவள் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. எண்ணை அவள் தொடவில்லை. கட்டுரையைப் பற்றி விவாதிப்பதற்கென்று கூடவே இருக்கும் பேச்சுப் பக்கத்தில், இந்த மூன்றில் ஒன்று இடிக்கப்பட்டுவிட்டது, புதிய அரசுத் தகவல் வந்தால் மாற்றலாம் என்று நாலு வரி எழுதிக் கையெழுத்திட்டாள். தொட்டி இருந்த இடத்தையும் ஊர்க் குளத்தையும் படமெடுத்து, தேதியோடு பொதுவகத்தில் (விக்கிப்பீடியாவுக்கான படக் கிடங்கு) ஏற்றினாள். சொந்த ஆய்வுக்கு இடமில்லை என்றாலும் சொந்தமாக எடுத்த படத்துக்கு இடம் உண்டு. குளத்துப் படம் கட்டுரையில் சேர்ந்தது. அந்தப் பருவம் அவள் கட்டுரைக்குள் எழுதியது படத்துக்கான விளக்கம் மட்டும்தான், எண்ணிப் பார்த்தால் ஐந்தாறு சொல் தேறும். முழு மதிப்பெண் போட்டேன். உங்கள் 300 சொல் கணக்கில் அவளுக்குப் பூஜ்யம்.

ஆகவே ஆளுக்கொரு புதுக் கட்டுரை வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் கட்டுரையில் ஒரு பத்தி, அதற்கு இரண்டு அச்சுச் சான்று, போதும். அதையும் முதலில் அவரவர் மணல்தொட்டியில், அதாவது எழுதிப் பழகுவதற்கான தனிப் பக்கத்தில், எழுதட்டும். நீங்கள் பார்த்த பிறகு கட்டுரைக்குள் போகட்டும். மதிப்பெண்ணை ‘வரலாற்றைக் காட்டவும்’ என்ற பொத்தானுக்குப் பின்னால் இருப்பதற்குப் போடுங்கள். யார் எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு எதைச் சேர்த்தார், எதை நீக்கினார், மற்றவர் கேட்டதற்குப் பேச்சுப் பக்கத்தில் என்ன சொன்னார், எல்லாம் அங்கே கிடக்கும். மற்றவர் வந்து மாற்றினால் எப்படி மார்க் போடுவது என்ற துறைத்தலைவரின் கேள்விக்கும் இதுவே விடை. கடைசி நாள் ராத்திரி 11 மணிக்கு ஒரே மூச்சில் ஒட்டியது யார் என்றும் காட்டிக்கொடுத்துவிடும். ஏ4 தாள் இதையெல்லாம் சொல்லாது.

ஒட்டுவது என்றதும் ஞாபகம் வருகிறது. நான் வகுப்பெடுத்தபோது சாட்ஜிபிடி இல்லை. இப்போது பிள்ளைகள் கேட்டால், உலகத்திலேயே இல்லாத நூலுக்கும் அது சில சமயம் பக்க எண்ணோடு மேற்கோள் கொடுக்கும். இதற்கு ஒரு எளிய வைத்தியம் உண்டு. சான்று காட்டும் நூலின் அந்தப் பக்கத்தைச் செல்பேசியில் படமெடுத்து உங்களிடம் காட்ட வேண்டும். நூலகத்தில் எடுத்தாலும் சரி, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் எடுத்தாலும் சரி. இந்த ஒரு விதி போதும், பாதிப் பேர் முதல்முறையாக நூலகத்தில் மாவட்ட விவரச்சுவடி (கெசட்டியர்) எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்பார்கள்.

நன்றாக நடந்த கதையும் உண்டு. 2008இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜான் பீஸ்லி-மரே என்ற ஆசிரியர் தன் லத்தீன் அமெரிக்க இலக்கிய வகுப்பைச் சிறு குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு கட்டுரை கொடுத்தார். பருவம் முழுக்க அதே ஒரு கட்டுரைதான். மூன்று கட்டுரைகள் ஆங்கில விக்கிப்பீடியாவின் மிக உயர்ந்த தரமான சிறப்புக் கட்டுரைத் தகுதியைப் பெற்றன. அதில் ஒன்று பெரு நாட்டு எழுத்தாளர் மரியோ வர்கஸ் யோசா பற்றியது. 2010இல் அவருக்கு நோபல் பரிசு அறிவித்தபோது உலகம் ஓடிப்போய்த் திறந்த பக்கம் அந்த மாணவர்கள் உழைத்த பக்கம்தான். புனேயிலும் மாணவர்கள்தான், கனடாவிலும் மாணவர்கள்தான். கனடாவில் ஆசிரியர் தானும் அதில் இறங்கி எழுதினார், நேரமும் கொடுத்தார்.

நீங்கள் எழுதியிருக்கிறீர்களா? கடிதத்தில் அதைச் சொல்லவில்லை. இல்லையென்றால் இந்தப் பருவத்தை விட்டுவிடுங்கள். ஒரு மாதம் நீங்கள் எழுதுங்கள், உங்கள் தொகுப்பை நாலு பேர் மீளமைக்கட்டும் (பழையபடி ஆக்கட்டும்), கோபம் வரட்டும், பேச்சுப் பக்கத்தில் வாதாடுங்கள். ‘ரஷ்யா’ என்று எழுதிவிட்டு வந்தால் மறுநாள் ‘உருசியா’ என்று மாறியிருக்கும், அந்தச் சண்டையில் மட்டும் இறங்காதீர்கள். அது நமக்கெல்லாம் முன்னாலிருந்தே நடக்கிறது.

அடுத்த பருவத்தில் 60 பேரையும் 12 குழுவாக்கி, இரண்டாம் வாரமே தொடங்குங்கள். அதற்கும் முன்பாக, தமிழ் விக்கிப்பீடியர்கள் கூடிப் பேசும் ‘ஆலமரத்தடி’ என்ற பக்கத்தில் ஒரு அறிவிப்புப் போடுங்கள். எந்த வகுப்பு, எத்தனை பேர், எந்தெந்தக் கட்டுரை, எந்தத் தேதிவரை என்று. கல்யாண வீட்டுக்கு 60 பேரை அழைத்துப்போனால் பந்தி போடுகிறவரிடம் முன்னாடியே சொல்வோம் இல்லையா, அதே மரியாதைதான். அறிவிப்பைப் பார்த்ததும் உங்கள் பிள்ளைகளின் மணல்தொட்டிகளை எட்டிப் பார்க்க ஒன்றிரண்டு பேராவது வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் நானும் அந்தப் பக்கம்தான் இருப்பேன், என் பேச்சுப் பக்கத்தில் ஒரு வரி போட்டுவையுங்கள்.

அன்புடன்.