பழைய குடிப்பழக்கமும் செக்யூரிட்டி கிளியரன்ஸும்

ஆறு வருஷத்துக்கு முன் குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டு, அப்புறம் சிகிச்சை எடுத்துக் குடியை விட்டிருக்கிறீர்கள். அமெரிக்க அரசின் ரகசியத் தகவல்களைக் கையாள அனுமதிக்கும் செக்யூரிட்டி கிளியரன்ஸ் இனி கிடைக்குமா என்பது உங்கள் கேள்வி. பொதுவாக, அந்தப் பழைய சம்பவம் ஒன்றுக்காகவே மறுத்துவிட மாட்டார்கள்.

கிளியரன்ஸுக்காக நிரப்பித் தரும் எஸ்எஃப்-86 படிவத்தைக் கவனமாகப் படியுங்கள். 24ஆம் பிரிவில், குடியால் வேலையோ குடும்பமோ பாதித்ததா என்பதற்குக் கடைசி 7 வருஷம்தான் கணக்கு. 22ஆம் பிரிவில் மது சம்பந்தப்பட்ட வழக்குக்குக் கால வரம்பே கிடையாது. பழசுதானே என்று 'இல்லை' போட்டுவிடாதீர்கள். மறைத்தது தெரிந்தால் அது குடியைவிடப் பெரிய சிக்கல்.

சிகிச்சையை முழுசாக முடித்தீர்களா, சொன்னபடி குடிக்காமல் இருக்கிறீர்களா என்றுதான் முக்கியமாகப் பார்ப்பார்கள். சிகிச்சை முடித்த சான்று, கோர்ட்டு காகிதம் இரண்டையும் இப்போதே தேடி எடுத்து வையுங்கள். விசாரணை அதிகாரி தேதி தேதியாகக் கேட்பார்.